மாதப்பன்கிட்ட ரேடியோ கெடையாதுங்க

போன மாசம் தர்மபுரியில் ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போகவேண்டியதாயிற்று. அண்ணன் பேரனுக்கு ஏதோ சர்டிபிகேட் வாங்கவேண்டுமாம், கூட ஒரு பெரிய மனுஷன் இருந்தால் மரியாதையாக இருக்குமாம். எண்பதைத் தொட்ட ஆளை வைத்து என்ன மரியாதை கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. போய் இறங்கியதும் ஒரு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்துவிட்டு அவன் போய்விட்டான். மரியாதை அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு மேஜை. அதைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள். மரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் முனையைக் கொண்டுவந்து ஒரு சின்னப் பெட்டியில் சொருகியிருந்தார்கள். ஒரு பையன் சூட்டுக்கோலை வைத்து ஏதோ ஒயருக்கு ஈயம் பற்றவைத்தான். அந்தப் புகை அப்படியே மிதந்து வந்து என் மூக்கில் ஏறியது. ஈயமும் குங்கிலியமும் சேர்ந்து கருகுகிற வாசனை. ஐம்பது வருஷமாக அந்த வாசனை பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் நான். எழுந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

ஒரு பெண் காகிதம் ஒன்றை நீட்டினாள். "அமெச்சூர் ரேடியோங்க சார். ஹாம்னு சொல்வாங்க. லைசென்ஸ் வாங்கிட்டா வூட்ல உக்காந்துட்டே எந்த நாட்டுக்காரங்ககூட வேணும்னாலும் பேசலாங்க."

"அப்படியாம்மா?" என்றேன், இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறவன் மாதிரி. நடிப்பில் என்னை ஒருத்தரும் அடித்துக்கொள்ள முடியாது. கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

காகிதம் பூராவும் கேள்வி பதில். யார் யார் லைசென்ஸ் வாங்கலாம்? பரீட்சையில் என்ன கேட்பார்கள்? மோர்ஸ் தெரிந்திருக்கவேண்டுமா? போலீஸ் விசாரணை உண்டா? லைசென்ஸ் வர எவ்வளவு நாளாகும்? ரேடியோவில் என்ன பேசலாம்? ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரியில் பளிச்சென்று பதில். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து படித்தேன். எந்தக் கேள்வியைப் படித்தாலும் மாதப்பன் வந்து முன்னால் நின்றான்.

மாதப்பனும் நானும் கடத்தூர் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை ஒரே பெஞ்ச். அவனுக்குத் திக்குவாய். லேசாக இல்லை, நன்றாகவே. அதிலும் 'ம' என்ற எழுத்து அவனுக்கு ஜென்ம விரோதி. அப்பன் ஆத்தாள் மாதப்பன் என்று பேர் வைத்துவிட்டார்கள். தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தால் கழுத்து நரம்பு புடைக்கும், கண் செருகும், கேட்கிறவனுக்கே மூச்சு முட்டும். அதனால் சின்ன வயசிலிருந்து அவனுக்கு வாய் நான்தான். வாத்தியார் கேட்டால் நான் சொல்வேன், பஸ்ஸில் டிக்கெட் நான் கேட்பேன், கடையில் சாமான் நான் கேட்பேன். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டுவான்.

அவன் பார்த்த தொழிலைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மைக் செட்! கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எல்லாவற்றுக்கும் குழாய் ரேடியோ கட்டுவது அவன்தான். "ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்" என்று எல்லாரும் சொல்வார்கள் இல்லையா, அவன் நகத்தால் மைக்கை ரெண்டு தட்டுத் தட்டுவான். ஊருக்கே கேட்கிற மாதிரி மற்றவர்களைப் பேசவைத்துவிட்டு, தான் ஓரமாக உட்கார்ந்திருப்பான்.

எனக்கு பொம்மிடி ஸ்டேஷனில் சிக்னலர் வேலை கிடைத்தது. அதாவது தந்தி அடிக்கிற வேலை. அப்போது ஸ்டேஷனில், வருகிற தந்தியைச் சத்தமாக அடித்துக்காட்டுகிற பித்தளை சவுண்டர் ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் காலி சிகரெட் டப்பா ஒன்றைச் சொருகிவைத்தால் சத்தம் கணீரென்று கேட்கும். ராத்திரி பகலாக அது 'டிக் டொக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு டிக்குக்கும் அடுத்த டொக்குக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் எழுத்து. கொஞ்சமாக விட்டால் புள்ளி, கூட விட்டால் கோடு. மோர்ஸ் என்பது அதுதான்.

மாதப்பன் என்னைப் பார்க்க சைக்கிளில் வருவான். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து சவுண்டரையே கேட்பான். ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று மாசம் கழித்து ஒருநாள் ரெண்டு பேரும் பிளாட்பார பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு தட்டு, முட்டியால் ஒரு தட்டு, நகம், முட்டி என்று பலகையில் தட்ட ஆரம்பித்தான். முதலில் ஏதோ தாளம் போடுகிறான் என்று நினைத்தேன். அப்புறம் என் காது அதுவாகவே படித்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இன்றைக்குப் பசங்கள் போனில் எழுதுகிறார்களே, அதே மாதிரி. 'உங்க ஸ்டேஷன் மாஸ்டர் விக் வெச்சிருக்காரு, உனக்குத் தெரியுமா?'

எனக்கு டீ புரையேறிவிட்டது. சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. பத்து வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தவன், முதல்முறையாக ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் சொல்கிறான்! அன்றைக்கு ஆரம்பித்தான் பாருங்கள், அப்பா, என்ன பேச்சு. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கிண்டல் அடிப்பான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முழிக்கிற முழியைத் தட்டுவான், என் கையெழுத்தைக் கிழிப்பான், கெட்ட வார்த்தைகூடத் தட்டுவான். கடத்தூர் பாய் டீக்கடை பெஞ்சில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். வெளியே பார்க்கிறவனுக்கு ஒருத்தன் பலகையைத் தட்டுகிறான், ஒருத்தன் காரணமில்லாமல் சிரிக்கிறான். ரெண்டுக்கும் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அவனுக்கு இந்த ஹாம் விஷயம் எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் கிடைத்தது. பழைய பட்டாளத்து சாமான்களை மெட்ராஸிலிருந்து வாங்கிவந்து முதலில் கேட்கிற செட் ஒன்றைச் செய்தான். காலையில் பல் விளக்கின கையோடு அதைப் போட்டுக்கொண்டு உட்காருவான். கொழும்பிலிருந்து ஒருத்தன், பெங்களூரிலிருந்து ஒருத்தன், பேர் தெரியாத ஊர்களிலிருந்து எவனெவனோ மோர்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 'யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா.' ஹெட்போன் அவன் காதில் இருக்கும், அப்புறம்தான் எனக்குத் தட்டிச் சொல்வான். லைசென்ஸ் இல்லாமல் பதில் அனுப்பினால் சட்டப்படி குற்றம். மாதப்பன் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

'உனக்கு எதுக்குடா இது? என்கிட்டதான் பேசறியே' என்று ஒருநாள் தட்டினேன். அவன் பதிலுக்குத் தட்டினான்: 'நீ என்னைத் திக்குவாயனாத்தான் பாத்திருக்க. அவங்களுக்கு அது தெரியாதில்ல. ஒருத்தன்கிட்டயாவது மாதப்பனாப் பேசணும்டா.'

ஆக, லைசென்ஸ் என்பது அவனுக்கு அதுதான். பொழுதுபோக்கு இல்லை.

பரீட்சைக்கு மெட்ராஸ் போனோம். 'நீயும் எழுதுடா' என்று அவன் தட்டித் தூண்டிவிட, தொழிலே தந்திதானே, நமக்கில்லாத பாஸா என்று நானும் பணம் கட்டியிருந்தேன். அங்கே போனால் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். டிக் டொக் இல்லை. 'பீ... பீப்... பீ' என்று ஒரே விசில். எனக்கு ஓர் எழுத்து புரியவில்லை! ஐந்து வருஷம் இடைவெளியைக் கேட்டுப் பழகின காது, அந்த விசிலில் எங்கே இடைவெளி என்று தேடித் தேடி வெறும் தாளைக் கொடுத்தது. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று பரீட்சை அதிகாரி கேட்டார். "ரயில்வே சிக்னலருங்க" என்றேன். மனுஷர் மேஜைமேல் தலையை வைத்துச் சிரித்தார். மாதப்பன் வீட்டில் விசில் செட்டும் செய்து பழகியிருந்ததால் முதல் தடவையே பாஸ். அங்கேயும் அவன் பேரைக் கேட்டபோது நான்தான் சொன்னேன்.

பாஸானால் போதாது. செட் வைத்துக்கொள்ள டெல்லியிலிருந்து அனுமதி வரவேண்டும். அதற்கு முன்னால் இந்த ஆள் எப்படிப்பட்டவன் என்று விசாரிப்பார்கள். யூனிபாரத்தோடு போலீஸ் வரும் என்று நாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டோம். ஒரு மாசம், ஆறு மாசம், ஒரு வருஷம். தர்மபுரி சேலத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்து ரெண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது, பைல் சேலத்தில் மாட்டிக்கொண்டது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மாதப்பன் அதற்குள் அனுப்புகிற செட்டையும் செய்து முடித்துவிட்டான். சுவிட்ச் மட்டும் போடவில்லை. தினமும் துடைத்துவைப்பான்.

இங்கே உங்களுக்கு இன்னொரு சங்கதி சொல்லியாகவேண்டும். அந்தக் காலத்தில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கே வருஷா வருஷம் போஸ்டாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டும். எங்கள் தெருவில் பதினைந்து ரேடியோ இருந்தால் ரெண்டுக்குத்தான் முத்திரை இருக்கும். சோதனைக்கு ஆள் வந்துவிட்டால் தெருமுனையிலேயே யாராவது, "ஏ, மாடு அவுந்துருச்சு பாரு!" என்று குரல் கொடுப்பார்கள். அவ்வளவுதான், ரேடியோவெல்லாம் கேழ்வரகுக் குதிருக்குள் போய்விடும். முனியம்மா அக்கா தன் ரேடியோவைத் தொட்டிலில் போட்டு, மேலே துணியை மூடி, ஆட்டிக்கொண்டே பேசும். கேட்டால் ஒரே பதில்தான்: "நம்ம தெருவுல ரேடியோவே கெடையாதுங்க." இதில் தெருவுக்கே ஒரு பெருமை. நானும் அந்தப் பெருமைக்காரர்களில் ஒருவன். ரயில்வே ஆள் என்பதால் நான் சொன்னால் எடுபடும்.

அன்றைக்கு எனக்கு வார ஓய்வு. மத்தியானம் பாய் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருத்தர் வந்தார். டீ சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இங்க மாதப்பன்னு ஒருத்தராமே. வயர்லெஸ்ஸு, ரேடியோவெல்லாம் வெச்சிருக்காராமே?"

பாய் கண்ணிமைக்கவில்லை. "ரேடியோவா? எங்க தெருவுல யாருகிட்டயும் கெடையாதுங்களே." எங்கேயோ மாடு அவிழ்ந்துவிட்டதாகக் குரல் கேட்டது. தண்ணீர்க் குடத்தோடு போன முனியம்மா அக்கா நின்று, "அந்தப் பையன் மைக் செட்டோட சரிங்க. வேற ஒண்ணுந் தெரியாதுங்க, பாவம்" என்றது.

சோதனைக்கு வந்த ஆள்தான் என்று நானும் நினைத்தேன். மாதப்பன் வீட்டில் இருப்பது சாதாரண ரேடியோ இல்லையே. லைசென்ஸ் இல்லாத அனுப்புகிற செட். பிடித்தால் ஜெயில். இவனை நான் காப்பாற்றாமல் யார் காப்பாற்றுவது? எழுந்தேன்.

"சார், நான் ரயில்வேல சிக்னலரா இருக்கறவன். சின்ன வயசுல இருந்து அவன்கூடப் பழக்கம். நான் சொல்றேன் கேளுங்க. மாதப்பன்கிட்ட ரேடியோ கெடையாதுங்க. அவனுக்கு அதுல இஷ்டமும் கெடையாது. அவனுக்குப் பேச்சே வராதுங்க, திக்குவாய். ரேடியோவ வெச்சுக்கிட்டு யாருகூடப் பேசப்போறான், சொல்லுங்க?"

பாய்கூட என்னைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தார். வந்தவர் பையிலிருந்து தாளை எடுத்து இங்கிலீஷில் நாலு வரி எழுதி, "பேரு, உத்தியோகம் போட்டு ஒரு கையெழுத்துங்க" என்று நீட்டினார். நான் படிக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், நாள் பூரா அதைத்தானே அடிக்கிறேன். படித்திருந்தால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்கும். தெருவே பார்க்கிறது என்கிற மிதப்பில், கீழே ஒரு கோடும் இழுத்து, போட்டுக்கொடுத்தேன்.

அப்போதுதான் மாதப்பன் ஓடிவந்தான். சட்டைப் பொத்தான்கூடப் போடவில்லை. "நீங்கதான் மாதப்பனா?" என்று அவர் கேட்டார். அவன் வாயைத் திறந்தான். "சார்... ம... ம... ம..." கழுத்து நரம்பு புடைத்தது. பைத்தியக்காரன், தானே போய் மாட்டிக்கொள்ளப் பார்க்கிறானே என்று அவன் தோளை இறுக்கிப் பிடித்து, "நீ சும்மா இருடா, நான் சொல்லிட்டேன்" என்றேன். அவன் திமிறினான். "ம... ம..." வந்தவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாங்க, செரமப்படாதீங்க. எல்லாம் இவரே சொல்லிட்டாரு." தர்மபுரி பஸ் ஆரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

மாதப்பன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தான். நகத்தால் ஒன்று, முட்டியால் ஒன்று. 'லைசென்ஸ் விசாரணை. போலீஸ். ஆள் வருவாருன்னு காலைல லெட்டர் வந்துச்சு. சாயங்காலம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.'

மறுநாள் ரெண்டு பேரும் தர்மபுரி ஆபீசுக்குப் போனோம். அறிக்கை மேலே போய்விட்டது. அங்கே இருந்த கிளார்க் நல்ல மனுஷர். "அந்தாளுகிட்ட சாமான் எதுவும் இல்ல, ரேடியோவுல ஆர்வமும் இல்ல, பேச்சுக் குறை உள்ளவருன்னு ரயில்வே உத்தியோகஸ்தரே கையெழுத்துப் போட்டிருக்காரே. அது பொய்யின்னா, நான் சொன்னது பொய்னு அவரே எழுதிக் குடுக்கட்டும். அனுப்பி வெக்கறேன்" என்றார். மாதப்பன் என்னைப் பார்த்தான். "எழுதித் தர்றங்க" என்றேன்.

எழுதினேன். உண்மையாகவே எழுதினேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவை கிழித்தேன். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவன் போலீஸ் விசாரணையில் பொய் சொன்னேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? மெமோ வரும், வேலை போகும். தங்கச்சிக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மாதப்பன் கேட்டபோது, 'அனுப்பிட்டேன்' என்று பெஞ்சில் தட்டினேன். கையால் தட்டியும் பொய் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் நம்பினான். ஏழு மாசம் நம்பினான். செட்டைத் துடைத்துவைத்தான். முதலில் யாருக்குப் பதில் அனுப்புவது என்றுகூட முடிவு பண்ணிவைத்திருந்தான், தினம் காலையில் கொழும்பிலிருந்து கூப்பிடுகிற அந்த ஆளுக்கு. ரேடியோவில் அரசியல் பேசக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது என்றெல்லாம் விதி உண்டு. 'வேற என்னடா பேசுவ?' என்று கேட்டேன். 'எங்க ஊருல மழை இல்லன்னு சொல்லுவேன். உங்க ஊருல என்ன சாப்புட்டீங்கன்னு கேப்பேன்' என்றான்.

கடிதம் வந்தது. படித்துவிட்டு என்னிடம் கொடுத்தான். விசாரணை அறிக்கையின்பேரில் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அறிக்கையை மறுத்து இதுவரை எந்தக் கடிதமும் வரப்பெறவில்லை. ரெண்டாவது வரியைப் படிக்கும்போது அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையைத் தூக்கவில்லை.

அவன் என்னைத் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மறுநாளும் பாய் கடைக்கு வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். நான் பலகையில், 'மறுபடி அப்ளிகேஷன் போடலாம்டா' என்று தட்டினேன். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். "டீ... டீ... டீ... கு... குடிக்கலாமா?" மற்றவர்களிடம் பேசுவானே, அப்படி. சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் என்னிடம் வாயால்தான் பேசினான். ஒரு தடவைகூடத் தட்டவில்லை. தெருவில் மற்றவர்களைப் போல நானும் ஆனேன். செட்டைப் பிரித்து சேலத்துக்காரர் ஒருத்தரிடம் கொடுத்துவிட்டான். ஏரியல் கம்பியில் அவன் ஆத்தாள் துணி காயப்போட்டது.

எத்தனையோ போய்விட்டது. ரேடியோவுக்கு முத்திரை வாங்குகிற வழக்கம் போனது, தொட்டிலில் ரேடியோவை ஆட்டின அக்கா போனது. பொம்மிடியில் சவுண்டரைக் கழற்றிவிட்டு டெலிபோன் வைத்தார்கள். தந்தி என்பதே இந்த நாட்டில் இல்லாமல் போனது. சின்ன கிரேடு லைசென்ஸுக்கு மோர்ஸே வேண்டாம் என்று அந்தப் பெண் கொடுத்த காகிதம் சொல்கிறது. இதெல்லாம் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, போகட்டும். மாதப்பனின் பேச்சு போய்விட்டதே, அதை எங்கே போய்த் தேடுவேன்? அந்த நக்கல், அந்தக் கெட்ட வார்த்தை, கொழும்புக்காரனிடம் கேட்க வைத்திருந்த கேள்வி. அதைக் கேட்ட காது உலகத்திலேயே இது ஒன்றுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் மஞ்சள்காமாலையில் போனான். முப்பத்துநாலு வயசு. சுடுகாட்டில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பழைய வாத்தியார் என் முதுகில் கைவைத்து, "நீதானப்பா எப்பவும் அவனுக்காகப் பேசுவ. ரெண்டு வார்த்தை சொல்லு" என்றார். நான் முன்னால் போய் நின்றேன். அவன் எப்பேர்ப்பட்ட பேச்சுக்காரன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லவேண்டிவரும்.

"மாதப்பன் நல்ல மனுஷன்ங்க. அதிகம் பேசமாட்டான்" என்றேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.